எந்தச் சேற்றுக்கு எந்த டயர்?

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை நெருங்கும்போது, இயந்திரத்தை வாடகைக்குப் பேசுகிறவர்களிடம் எழும் முதல் கேள்வி ‘டயர் வண்டியா, செயின் வண்டியா?’ என்பதுதான். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும், வாடகையும் குறைவு. அறுப்புக்கு முன் ஒரு மழை பெய்து ஈரம் நின்றுவிட்டால் டயர் வண்டி உள்ளே இறங்காது. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகும் செயின் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும், மணிக்கணக்கு வாடகையும் ஏறிவிடும். வயலும் அதேதான், நெல்லும் அதேதான். ஈரம் மாறியதும் சக்கரமும் மாற வேண்டியிருக்கிறது.

அறுத்த நெல்லை ஏற்ற வரும் லாரிக்கு அந்த வசதி கிடையாது. வயலோரத்து மண்பாதையில் இறங்கி, பாரம் ஏற்றிக்கொண்டு மேலே ஏறி, அதே டயரோடு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். கரும்புத் தோட்டத்துக்குப் போகும் லாரி, கல்குவாரி டிப்பர், செங்கல் சூளை வண்டி, மலைத்தோட்டத்து ஜீப், காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் கிளம்பும் பிக்-அப் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். தாரும் சேறும் ஒரே டயரிடம் நேர் எதிரான குணங்களைக் கேட்கின்றன.

கடையில் ‘சேற்று டயர்’ என்று கேட்டால் முரட்டுக் கட்டைகள் வைத்த ஒரு டயரை எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். அது எல்லாச் சேற்றிலும் போகும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். உண்மையில் அப்படி ஒரு டயர் இன்னும் செய்யப்படவில்லை. வண்டி இறங்கும் மண் எது, அதில் ஏற்றும் பாரம் எவ்வளவு, ஓடுகிற தூரத்தில் தார்ச்சாலை எத்தனை பங்கு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் டயர் கடைக்குப் போக வேண்டும்.

மண்தான் தள்ளுகிறது

தார்ச்சாலையில் ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு வண்டியை நகர்த்துகிறது. சேற்றில் கவ்விக்கொள்ள எதுவும் இல்லை. டயரின் கட்டைகளுக்கு இடையே மண் புகுந்து இறுகுகிறது. அந்த மண்ணைக் கட்டைகள் பின்பக்கமாக உதைக்கின்றன. உதையைத் தாங்கும் வலு அடிமண்ணுக்கு இருந்தால் வண்டி முன்னே போகும். மண் அறுந்து வழுக்கிவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சேற்றில் வண்டி நகர்வதற்கு ரப்பரின் தரத்தைவிட மண்ணின் வலுவே பெரிய காரணம்.

இதைத் தனி அறிவியல் துறையாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். சாலை இல்லாத நிலத்தில் வண்டிகள் எப்படி நகர்கின்றன, எப்படிப் புதைகின்றன என்பதைக் கணக்கில் அடக்கி 1956-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அவரும் சக பொறியாளர்களும் நிலவில் ஓடும் வண்டிக்கான சக்கரத்தில் வேலை செய்தார்கள். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் நிலாத் தூசியில் ஓடிய அந்த வண்டியின் சக்கரத்தில் ரப்பரும் இல்லை, காற்றும் இல்லை. முழுக்கக் கம்பி வலை. அதன்மேல் டைட்டானியப் பட்டைகளை அம்புமுனை வடிவில் பதித்திருந்தார்கள். அந்தப் பட்டைகள் மூடியது சக்கரத்தின் மேற்பரப்பில் பாதியை மட்டுமே. மீதிப் பாதி இடைவெளி.

அம்புமுனை வடிவம் நம் ஊர் டிராக்டரின் பின்சக்கரத்திலும் உண்டு. நடுவில் கூடி இரு பக்கமும் விரியும் அந்தச் சாய்ந்த கட்டைகள், சக்கரம் உருளும்போது மண்ணை நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தள்ளி வெளியேற்றுகின்றன. டயரைத் திருப்பி மாட்டிவிட்டால் மண் நடுவில் வந்து அடையும், பிடிப்பும் போகும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பது இதனால்தான். சேற்றுழவுக்கு அந்த டயரும் போதாது என்று விவசாயிகள் இரும்புக் கம்பிகளாலான கேஜ் வீலை மாட்டுகிறார்கள். அதில் அடைத்துக்கொள்ள இடமே இல்லை, மண் கம்பிகளின் ஊடாக விழுந்துவிடும். ஆனால் கேஜ் வீலோடு ரோட்டில் ஏறினால் ரோடு பெயர்ந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. சேற்றில் டயரைத் தோற்கடிப்பது அடைப்பு. இடைவெளிகள் மண்ணால் நிரம்பிவிட்டால், நேற்று வாங்கிய டயரும் மொட்டை டயராகிவிடும். அடுத்த சுற்றுக்குள் மண்ணை உதறிவிடுகிற டயரே சேற்றில் பிழைக்கும். கட்டைகளுக்கு இடையே அகலமான பள்ளமும், பள்ளத்தின் சுவர் செங்குத்தாக இல்லாமல் சரிவாகவும் இருந்தால் மண் எளிதில் கழன்று விழும். கடையில் டயரைப் பார்க்கும்போது கட்டை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பள்ளத்தை.

சேற்றிலும் சாதிகள் உண்டு

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் ஈரத்தில் மிக மோசமாக ஒட்டும் மண். தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஒருவகை நுண்களிமண் அதில் நிறைய இருக்கிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அதே நிலம், மழையில் பசையாக மாறும். டயரில் ஒட்டி, மட்கார்டு வரை ஏறி, சக்கரத்தையே சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். கரிசலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய கட்டையும் மிக அகலமான பள்ளமும் கொண்ட டயர் வேண்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே கைநுழையும் இடைவெளியும் வேண்டும். அத்தனை இருந்தும், மழை விட்ட கையோடு கரிசலில் பாரவண்டியை இறக்காமல் வெயிலுக்குக் காத்திருப்பதே பல நேரம் சரியான முடிவு. எந்த டயர் கம்பெனியும் இதை விளம்பரத்தில் சொல்லாது.

செம்மண் பாதையின் கதை வேறு. மேலே நாலு விரல் அளவு குழம்பு, அடியில் கெட்டித் தரை. இங்கே ஒல்லியான டயர் நன்றாக வேலை செய்யும். பாரம் சிறிய பரப்பில் அழுந்துவதால் குழம்பை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். பழைய ஜீப்புகளின் 6.00-16 டயர் இன்றைய கண்ணுக்குச் சைக்கிள் டயர் மாதிரி தெரியும். ஆனால் அந்த அளவு டயரோடுதான் இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகள் ஐரோப்பாவின் சேற்றில் ஓடின. ‘அகலமான டயர் என்றால் சேற்றுக்கு நல்லது’ என்ற நம்பிக்கை பாதிதான் சரி.

மீதிப் பாதி வண்டல் நிலத்தில் சரியாகிறது. வாய்க்கால் கரை, ஏரி உள்வாய், நெல் வயல் போன்ற இடங்களில் அடித்தரை எங்கே என்று தெரியாது. வெட்டிக்கொண்டு போகும் டயர் அங்கே ஆக்சில் வரை புதைந்துவிடும். பாரத்தைப் பரப்பி மிதக்கிற அகல டயரும், குறைந்த காற்றும் வேண்டும். மணலுக்கும் இதே விதி, இன்னும் கறாராக. மணலில் முரட்டுக் கட்டைகள் மண்வெட்டி வேலையைச் செய்து தமக்குத் தாமே குழி பறித்துக்கொள்ளும். பாதி தேய்ந்த சாதாரண டயர், காற்றைக் குறைத்துவிட்டால், சேற்று டயரைவிட மணலில் நன்றாகப் போகும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஈர மணல்மேல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற வேன்களும் ஜீப்புகளும் அலை நனைத்து இறுகிய மணலாகத் தேடிப் போய் ஓடின. டயரைவிடத் தரையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது அங்கே பெரிதாக இருந்தது.

கல்குவாரியில் சேறும் இருக்கும், அதனடியில் கத்தி முனையாக உடைந்த ஜல்லியும் இருக்கும். அங்கே அகலப் பள்ளம் ஆபத்து. பள்ளத்தில் மாட்டிய கல், பாரத்தில் அழுந்தி அழுந்தி உள்ளே துளைத்து, ஸ்டீல் பெல்ட்டைத் தொட்டுவிடும். தண்ணீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். குவாரிக்கென்று செய்யப்படும் டயர்களில் கட்டைகள் நெருக்கமாக இருக்கும், பள்ளத்தின் அடியில் கல்லை வெளியே தள்ளுவதற்குச் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ரப்பரும் வெட்டுத் தாங்கும் வகையாக இருக்கும். சேற்றுக்கு நல்ல டயர் குவாரியில் சீக்கிரம் செத்துப்போகும்.

லாரிக்காரர்களின் கணக்கு

லாரி டயரில் இரண்டு பெரிய குடும்பங்கள். நீளவாக்கில் கோடு ஓடுவது ரிப் டயர், குறுக்கே கட்டை கட்டையாக இருப்பது லக் டயர். முன்சக்கரத்தில் ரிப், பின்சக்கரத்தில் லக் என்பது நம் லாரிகளில் நெடுநாள் வழக்கம். அதற்குக் காரணமும் சரியானது. நீளக் கோடுகள் வண்டி பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். குறுக்குக் கட்டைகள் தரையை உதைத்துத் தள்ளும். இஞ்சின் திருப்புவது பின்சக்கரத்தை என்பதால் உதைக்கும் வேலை அங்கேதான். ஆனால் சேற்றில் இறங்கியதும் முன்னால் இருக்கும் ரிப் டயர் ஏர் ஓட்டியது போல மண்ணைக் கீறிக்கொண்டு போகும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேரே போகும். நாளில் பெரும்பகுதி மண்ணிலேயே ஓடும் டிப்பர்களுக்கு, எல்லாச் சக்கரத்திலும் மாட்டக்கூடிய கலப்பு வகை டயர் பொருத்தம். நெடுஞ்சாலையிலேயே ஓடி, ஏற்றுமிடத்தில் மட்டும் மண்ணில் இறங்கும் லாரிக்குப் பழைய வழக்கமே போதும்.

அடுத்த கேள்வி, நைலான் டயரா, ரேடியலா. டயரின் உள்ளே இருக்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடினால் அதை நம் ஊரில் நைலான் டயர் என்கிறார்கள். இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடி, மேலே ஸ்டீல் பெல்ட் சுற்றியிருந்தால் ரேடியல். பிரான்சின் மிஷ்லென் நிறுவனம் 1946-ல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கார்கள் எப்போதோ ரேடியலுக்கு மாறிவிட்டன. இந்திய லாரிகள் மிகத் தயங்கித்தான் மாறின. ஓவர் லோடு, குண்டும் குழியுமான சாலை, வெட்டுப்பட்டால் எங்கும் தைத்துக்கொள்ளும் வசதி எல்லாம் நைலானுக்குச் சாதகமாக இருந்தன.

இன்றும் நைலானின் பக்கவாட்டுச் சுவர் தடிமனானது, கல்லுக்கும் கட்டைக்கும் அஞ்சாது. குறைந்த வேகம், அதிக பாரம், குறுகிய தூரம் என்ற வேலைக்கு அது இன்னும் உகந்ததே. ரேடியலின் பலம் வேறு. அதன் சுவர் வளைந்து கொடுக்கும்போதும் தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே நிற்கும். அதனால் மென்மையான மண்ணில் பாரம் சீராகப் பரவும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம். நீண்ட தூரம் ஓடி இடையிடையே மண்ணில் இறங்கும் வண்டிக்கு ரேடியலுக்கு மாறுவதில் தயக்கமே வேண்டாம். சென்னையைச் சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தேர்வாய்கண்டிகையிலும் டயர் ஆலைகள் இயங்கும் மாநிலம் இது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சிறு பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. வகைவகையான டயர் கிடைப்பதில் நமக்குக் குறையில்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுசேர்ந்து வருவது திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில். ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியா முழுக்கப் போகும் வண்டிகள் அவை. ரிக் ஏற்றியது ஒன்று, கம்பிகளும் தளவாடங்களும் ஏற்றியது இன்னொன்று என இரண்டு லாரிகளாகக் கிளம்பும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடி, முடிவில் ஒரு விவசாயியின் உழுத நிலத்துக்குள் இறங்க வேண்டும். தோண்டத் தொடங்கியதும் தண்ணீரும் கல்தூளும் பீறிட்டு, வண்டியைச் சுற்றியுள்ள காய்ந்த நிலத்தையே சேறாக்கிவிடும். வரும்போது கெட்டியாக இருந்த பாதை, திரும்பும்போது குழம்பாக இருக்கும். அந்த வண்டிக்கு டயர் வாங்குகிறவர், வெளியேறும் வழியை நினைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பின்சக்கரத்தில் பட்டன், அதாவது கட்டைகள், நன்றாக நிற்கிற லக் டயர் அங்கே சிக்கனத்துக்கு இடமில்லாத செலவு.

பட்டன் தேய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி லாரி, கார் டயர்களில் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். சேற்றுக்கு அந்த அளவு பயனற்றது. புதிய கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும், ஜீப்புகளுக்கான சேற்று டயரில் 14, 15 மி.மீ. வரை போகும், லாரியின் லக் டயரில் இன்னும் ஆழம். அந்த ஆழத்தில் பாதி போனதுமே சேற்றுப் பிடிப்பு மளமளவென்று சரியத் தொடங்கும். மழைக்காலத்துக்கு முன் அந்த டயரை நெடுஞ்சாலை வண்டிக்கு மாற்றிவிடுவது அனுபவப்பட்ட உரிமையாளர்கள் செய்வது. ரீட்ரேடிங் செய்த டயரைப் பின்சக்கரத்தில் போடலாம், தவறில்லை. முன்சக்கரத்தில் போடக் கூடாது.

பிக்-அப், ஜீப்: தோற்றத்துக்கு மயங்காதீர்கள்

சிறு வண்டிகளுக்கான டயர்கள் மூன்று வகையாகக் கடைக்கு வருகின்றன. எச்/டி என்பது சாலைக்கானது, ஏ/டி என்பது எல்லாத் தரைக்குமானது, எம்/டி என்பது சேற்றுக்கானது. அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976-ல் தன் ஏ/டி ரேடியலையும் 1980-ல் எம்/டி ரேடியலையும் கொண்டுவந்த பிறகு இந்தப் பெயர்கள் உலகம் முழுக்கப் பரவின. நம் மெக்கானிக்குகளின் வாயில் பின்னிரண்டுமே ‘பட்டன் டயர்’தான்.

எம்/டி டயரில் தரையைத் தொடும் பரப்பில் கிட்டத்தட்ட பாதி வெறும் இடைவெளி. சேற்றில் அது வரம். மழையில் நனைந்த தார்ச்சாலையில் அதே இடைவெளி சாபம். ரப்பர் குறைவாகவே சாலையைத் தொடுவதால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க அதிக தூரம் ஆகும். உயரமான கட்டைகள் வளைவதால் திருப்பத்தில் வண்டி அலையும். இரைச்சல் கேபினுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும், மைலேஜ் இறங்கும், கட்டைகள் சமமில்லாமல் தேயும். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறியையும் ஏற்றிச் செல்லும் வண்டியில், ஏழாவது நாளுக்காக எம்/டி மாட்டுவது ஆபத்தான அலங்காரம். அத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல ஏ/டி டயர் போதும். தோட்டத்துக்குள்ளேயே பிழைப்பு நடத்தும் ஜீப்புக்கும், மழைமாதங்களில் தினமும் சேற்றில் இறங்கும் வண்டிக்கும் எம்/டி வாங்குவது நியாயம்.

தேனி மாவட்ட எல்லையில் இருக்கும் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் ஏறுகின்றன. பாதை முழுக்க உருண்டும் கூர்த்தும் கிடக்கும் கற்கள். அங்கே டயரின் அடிப்பகுதியைவிட அதிகம் அடிபடுவது பக்கவாட்டுச் சுவர். டயர் வாங்கும்போது சுவரில் எத்தனை அடுக்கு என்று கேட்க வேண்டிய பாதை அது. ஓரத்துக் கட்டைகள் சுவரில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால், ஆழமான வண்டித்தடத்தின் பக்கங்களைப் பிடித்து ஏறவும் உதவும்.

சுவரின் உயரமும் முக்கியம். மஹிந்திரா தாரை எடுத்துக்கொள்வோம். 2020-ல் வந்த மாடலில் ஒரு வகைக்கு 245/75 ஆர்16, இன்னொரு வகைக்கு 255/65 ஆர்18. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் டிஸ்கின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் 16 அங்குல டிஸ்கில் சுவர் உயரம் 184 மி.மீ., 18 அங்குலத்தில் 166 மி.மீ. டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். பெரிய டிஸ்க் ஷோரூமில் அழகு. மண்ணில் இறங்குகிறவருக்குச் சிறிய டிஸ்கும் உயர்ந்த சுவருமே நல்லது. காற்றைக் குறைத்து ஓட்ட இடம் கிடைக்கும், கல்லில் மோதினால் டிஸ்க் தப்பும்.

அளவைக் கூட்டி மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டயர் பெரிதானால் கியர் விகிதம் மாறி இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கெட்டித் தரையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு செலவு வைக்கும்.

காற்றுதான் பாதி டயர்

டயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, செலவே இல்லாத ஒரு மாற்றத்தை மறந்துவிடக் கூடாது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். ஒரு டயர் 600 கிலோ தாங்குகிறது, காற்று 36 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். பஞ்சர் கடைப் பேச்சில் 36 பவுண்டு. தரையைத் தொடும் பரப்பு சுமார் 37 சதுர அங்குலம் வரும். காற்றை 18-க்கு இறக்கினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். டயர் நீளவாக்கில் படிந்து, அதிகக் கட்டைகள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். புதிய டயர் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிக பலன் இதில் கிடைக்கும் இடங்கள் உண்டு.

1942-ல் அமெரிக்கா போருக்காகச் செய்த நீர்நில லாரி ‘டக்’ இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்யப்பட்டது. கடலிலிருந்து நேராக மணலில் ஏற வேண்டிய வண்டி அது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர்க் காற்றைக் குறைக்கவும் ஏற்றவும் அதில் வசதி வைத்தார்கள். சிசிலியிலும் நார்மண்டியிலும் கரையேறிய அந்த வண்டிகளுக்குப் பிறகு, சோவியத் ராணுவ லாரிகளும் அதே வசதியைத் தமதாக்கிக்கொண்டன.

காற்றைக் குறைப்பதற்கு வரம்பு உண்டு. சிறு வண்டியில் 15 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் டிஸ்கை விட்டுக் கழன்றுவிடலாம். ட்யூப் உள்ள டயரில் காற்று மிகக் குறைந்தால் டயர் டிஸ்கின்மேல் நழுவி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். பாரம் ஏற்றிய லாரியில் இந்த விளையாட்டே கூடாது. பாரத்தைத் தாங்குவது அந்தக் காற்றுதான். லாரி மாட்டிக்கொண்டால் முதலில் பாரத்தை இறக்குவதுதான் வழி. காற்றைக் குறைத்த சிறு வண்டியும் மண்ணைத் தாண்டியதும் மெதுவாகவே போக வேண்டும், தார்ச்சாலையில் வேகம் எடுக்கும் முன் காற்றை ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடும் டயர் உள்ளுக்குள் வெந்து வெடிக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரஸரும் காற்றளக்கும் கருவியும் இல்லாமல் காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஏர் பிரேக் உள்ள லாரியில் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது. தகுந்த குழாய் இருந்தால் அந்த ஏர் டேங்கிலிருந்தே காற்று பிடிக்கலாம்.

மாட்டிக்கொண்ட பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது இன்னொரு கெடுதல். டயர் மண்ணை உதறக் கொஞ்சம் வேகமான சுழற்சி தேவைதான். இரண்டு மூன்று விநாடிக்குள் வண்டி நகரவில்லை என்றால், அதன்பின் ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். டிஃபரன்ஷியல் லாக் உள்ள வண்டியில் சக்கரம் சுழலத் தொடங்கும் முன்பே அதைப் போட வேண்டும். அது இல்லாத வண்டியில் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே இஞ்சினின் பலமெல்லாம் போய்ச் சேரும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும். தென்னை மட்டை, கருவேலங்கிளை, ஜல்லி என எது கிடைத்தாலும் சக்கரத்தின் முன்னே போடுவது கிராமத்தார் நெடுங்காலமாகச் செய்வது, இன்றும் பலன் தருவது.

சுவரில் எழுதியிருப்பது

வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம். லாரி டயரில் 10.00-20 என்று நடுவில் கோடு இருந்தால் நைலான், 10.00 ஆர்20 என்றால் ரேடியல். 16 பிளை என்பது பாரம் தாங்கும் தரத்தைக் குறிக்கும் பழைய கணக்கு, உள்ளே 16 அடுக்கு இருக்காது. ஸ்டீல் ரேடியலில், மேலே சுற்றிய பெல்ட்டைத் தவிர, பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டீல் அடுக்குதான் இருக்கும். 146/143 கே என்றிருந்தால், தனியாக மாட்டும்போது 3,000 கிலோவும் ஜோடியாக மாட்டும்போது டயருக்கு 2,725 கிலோவும் தாங்கும், வேகம் 110 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று பொருள். சேற்று டயர் வாங்கும் ஆசையில் இந்தப் பாரக் குறியீட்டைக் குறைத்துவிடுகிறவர்கள் பிக்-அப் உரிமையாளர்களில் அதிகம். பழைய டயரின் எண்ணைவிடப் புதியதன் எண் குறையவே கூடாது.

நான்கு இலக்கத்தில் ஒரு தயாரிப்புக் குறி இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-வது வாரம். நெடுநாள் கடையில் கிடந்த டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், தள்ளுபடி விலைக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

மண்ணிலிருந்து வெளியே வந்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. டிஸ்கின் உட்பக்கம் ஒட்டிய மண் காய்ந்தால் சக்கரத்தின் சமநிலை கெட்டு ஸ்டியரிங் உதறும், தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். ஜோடிச் சக்கரம் உள்ள லாரியில், இரண்டு டயருக்கும் இடையே கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது கட்டாயம். அந்தக் கல் இரண்டு சுவர்களையும் அறுக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் தெறித்தால் பின்னால் பைக்கில் வருகிறவரின் உயிருக்கே ஆபத்து. குவாரி வாசலில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதை ஒவ்வொரு டிப்பர் உரிமையாளரும் விதியாகவே வைக்க வேண்டும்.

டயர் வாங்குகிறவர் பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவராக இருப்பதில்லை. உரிமையாளர் கடையில் விலை பேசுகிறார், ஓட்டுநர் நள்ளிரவில் வாய்க்கால் கரையில் தனியாக நிற்கிறார். எந்த மண்ணில் வண்டி நிற்கிறது, எந்தச் சக்கரம் முதலில் சுழல்கிறது, ஈரத் தாரில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்த செட் டயர் வாங்கக் கிளம்பும் முன் உரிமையாளர்கள் தங்கள் ஓட்டுநரையும் கடைக்கு அழைத்துப் போக வேண்டும்.